உலகம் முன்னேறுதா, மோசமாகுதா? அறிவியல், சாமி நம்பிக்கை, உலக முன்னேற்றம்... போனிலேயே இலவசமாக எங்கே பார்ப்பது?

காலையில் எழுந்து போனை எடுத்தால் முதல் வீடியோ வெள்ளம். அடுத்தது விபத்து. அதற்கடுத்தது எங்கோ நடக்கும் போர். நடுவில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பிய 'கலிகாலம் முத்திருச்சு' ஃபார்வர்டு. தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் பக்கத்தில் இருக்கும் ராயகிரியில் உட்கார்ந்து பார்த்தாலும் இதேதான் வரும், ரோமாபுரியில் இருந்து பார்த்தாலும் இதேதான் வரும். போன் ஊர் பார்த்து வேலை செய்வதில்லை.

இதில் எங்களைப் போன்ற செய்தி சேனல்களுக்கும் பங்கு உண்டு. பேருந்து கவிழ்ந்தால் அது செய்தி. அன்று பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பேருந்துகள் செய்தி இல்லை. ஒரு குழந்தை இறந்தால் செய்தி. முப்பது வருஷத்துக்கு முன்பு இருந்திருந்தால் இறந்திருக்கக்கூடிய குழந்தை இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பது யாருக்கும் 'பிரேக்கிங்' ஆகாது.

அப்படியென்றால் முழுப் படத்தை எங்கே பார்ப்பது? அதுவும் காசு கொடுக்காமல், முடிந்தவரை தமிழில்? விரிவாகப் பார்க்கலாம்.

பெங்களூருவில் படித்த ஸ்வீடன் டாக்டர்

முதலில் ஒரு கேள்வி. உலகத்தில் ஒரு வயதுக் குழந்தைகளில் எத்தனை சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு தடுப்பூசியாவது போடப்பட்டிருக்கிறது? 20? 50? 80?

பெரும்பாலானோர் 20 அல்லது 50 என்கிறார்கள். சரியான விடை 80. இந்தக் கேள்வியை நாடு நாடாகக் கேட்டுப் பார்த்தவர் ஹான்ஸ் ரோஸ்லிங் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர். படித்தவர்கள், அதிகாரிகள், பத்திரிகையாளர்கள் என யாரிடம் கேட்டாலும் தவறான விடைதான் அதிகம் வந்தது. நாம் தெரியாமல் தப்பு செய்யவில்லை, எல்லாம் மோசமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டுத் தப்பு செய்கிறோம் என்பது அவருடைய வாதம்.

இவருக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. மாணவராக இருந்தபோது 1972-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் வந்து படித்தவர். ஐரோப்பியர்கள்தான் முதல் பெஞ்ச் என்ற நினைப்பு அங்கே இந்திய மாணவர்களைப் பார்த்ததும் உடைந்துபோனதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மகன், மருமகளுடன் சேர்ந்து 2005-ல் 'கேப்மைண்டர்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2017 பிப்ரவரியில் அவர் காலமானாலும் தளம் இயங்குகிறது.

அதில் நாங்கள் பரிந்துரைப்பது 'டாலர் ஸ்ட்ரீட்' என்ற பகுதி. உலகம் முழுக்க உள்ள குடும்பங்களை வருமானப்படி ஒரே தெருவில் வரிசையாக நிறுத்தியதுபோல் வைத்திருப்பார்கள். அடுப்பு, கழிப்பறை, படுக்கை, பல் தேய்க்கும் பிரஷ்... எல்லாம் போட்டோ. ஆங்கிலம் தெரிய வேண்டியதே இல்லை. இந்தியாவில் ஒரு வருமானத்தில் வாழும் வீட்டின் அடுப்பும், ஆப்பிரிக்காவில் அதே வருமானத்தில் வாழும் வீட்டின் அடுப்பும் ஒரே மாதிரி இருப்பதைப் பார்க்கும்போது, நாடு, மதம், நிறம் எல்லாம் தாண்டி வருமானம்தான் வாழ்க்கையை முடிவு செய்கிறது என்பது பளிச்சென்று தெரியும். பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அரை மணி நேரம் கையில் இருந்து போன் வராது. அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

எண்கள் என்ன சொல்கின்றன?

இன்னொரு தளம் 'அவர் வேர்ல்டு இன் டேட்டா'. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் மேக்ஸ் ரோஸர் 2014-ல் தொடங்கியது. வறுமை, ஆயுள், கல்வி, மின்சாரம், காற்று மாசு என்று எல்லாவற்றுக்கும் வரைபடம். எந்த வரைபடத்தையும் எடுத்து யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். எண்கள் எங்கிருந்து வந்தன என்பதும் கீழேயே இருக்கும். தளம் ஆங்கிலத்தில்தான், ஆனால் பிரவுசரில் மொழிபெயர்ப்பை அழுத்தினால் ஓரளவு புரிகிற தமிழ் வந்துவிடும்.

அங்கே போனால் முதலில் பார்க்க வேண்டியது குழந்தை இறப்பு வரைபடம். மனித வரலாற்றின் பெரும்பகுதியில், பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் பெரியவர்களாக வளர்வதற்கு முன்பே இறந்தார்கள். ராஜா வீடாக இருந்தாலும் சரி, குடிசையாக இருந்தாலும் சரி. இந்தியாவில் 1990-ல் பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் 125-க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதைத் தாண்டவில்லை. இப்போது அது 30-க்குக் கீழ் வந்திருக்கிறது. உலக அளவில் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 2022-ல் முதல்முறையாக 50 லட்சத்துக்குக் கீழே, 49 லட்சமாகக் குறைந்தது.

49 லட்சம் என்றால் ஒரு நாளைக்கு 13,000 குழந்தைகளுக்கு மேல். இதைப் போய் எப்படி நல்ல செய்தி என்று சொல்வது? ரோஸர் இதற்குச் சொல்லும் பதில் முக்கியமானது: நிலைமை மோசம் என்பதும் உண்மை, முன்பைவிட எவ்வளவோ மேல் என்பதும் உண்மை, இன்னும் எவ்வளவோ மேம்படுத்த முடியும் என்பதும் உண்மை. மூன்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால்தான் சிக்கல்.

சரி, நம்ம ஊர்க் கணக்கு? இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் வெளியிடும் மாதிரிப் பதிவு அறிக்கையின்படி, 2020-ல் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் இந்தியாவில் 1,000-க்கு 28, தமிழ்நாட்டில் 13. மாவட்டவாரியாகப் பார்க்க தேசிய குடும்ப நல ஆய்வின் அறிக்கைகள் இணையத்தில் இருக்கின்றன. ஒரு விஷயம் மட்டும் கவனிக்கணும். 2019-21 ஆய்வு பழைய மாவட்ட எல்லைகளின்படி எடுக்கப்பட்டது. தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில்தான் பிரிந்தது. அதனால் ராயகிரிக்காரர்கள் தென்காசி என்று தேடினால் கிடைக்காது, திருநெல்வேலி அறிக்கையைத்தான் திறக்க வேண்டும்.

'அம்மை போட்டிருக்கு': சாமியும் ஊசியும்

இந்த எண்களுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள நம்ம பக்கத்துக் கதை ஒன்றே போதும். அது பெரியம்மை. வைசூரி என்றும் சொல்வார்கள்.

வீட்டில் வயதான ஆச்சி, தாத்தா இருந்தால் அவர்கள் கையைப் பாருங்கள். மேல் கையிலோ முன் கையிலோ வட்டமாக, பள்ளமாக ஒரு பெரிய தழும்பு இருக்கும். 'அம்மை குத்தினது' என்பார்கள். உங்களுக்கும் எனக்கும் அந்தத் தழும்பு கிடையாது (சிலருக்கு இருப்பது காசநோய்க்குப் போடும் பிசிஜி ஊசியின் சின்னத் தழும்பு). ஏனென்றால் நோயே இல்லாமல் போனதால் அந்த ஊசியும் 1970-களின் இறுதியில் நின்றுவிட்டது.

தமிழில் இந்த நோயின் பெயரே தாயின் பெயர்தான். வாசலில் வேப்பிலை, அம்மனுக்குக் கூழ், நோயாளியைத் தனி அறையில் படுக்கவைப்பது, வெளியாட்கள் வரக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை காத்திருப்பது... தென் மாவட்டங்களில் இன்றும் சின்னம்மைக்கு இதையெல்லாம் பார்க்கலாம். நோயாளியைத் தனியே வைப்பதும், வேப்பிலையைப் பார்த்ததும் அக்கம்பக்கத்தார் ஒதுங்கிப் போவதும் தொற்றைக் கொஞ்சம் தடுத்திருக்கும். ஆனால் 'ஆத்தா கோபிச்சுக்குவா' என்று டாக்டரையும் ஒதுக்கிவைத்தபோது உயிர்கள் போயின. ரெண்டும் சேர்ந்ததுதான் வரலாறு.

பசுவிடமிருந்து எடுத்த அம்மைப்பாலைக் கொண்டு தடுப்பு ஊசி போடும் முறை 1802-ல் இந்தியாவுக்கு வந்தது. மக்கள் பயந்தார்கள். பசுவின் சீழை உடம்பில் ஏற்றுவதா? அம்மனின் வேலையில் தலையிடுவதா? அப்போது சென்னையில் இருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி வேறு வழியில் யோசித்தார். எல்லீசன் என்று தமிழர்கள் அழைக்கும் எஃப்.டபிள்யூ. எல்லிஸ்தான் அவர். திருக்குறளை மொழிபெயர்த்தவர், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு 40 வருஷம் முன்னாடி, 1816-லேயே எழுதியவர். தன்வந்திரியும் சக்தியும் பேசிக்கொள்வதுபோல் தமிழில் ஓர் உரையாடலை எழுதினார். அம்மைப்பால் என்பது அன்னையே பசுவின் வழியாகக் கொடுத்த கொடை என்பது அதன் சாரம்.

இது நல்ல உத்தியா, பக்தியின் பெயரில் செய்த ஏமாற்று வேலையா என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எங்களைக் கேட்டால், நோக்கம் நல்லதுதான், ஆனால் இல்லாத புராணத்தை இருப்பதாகக் காட்டியது இன்றைய ஃபார்வர்டுகளின் தாத்தா மாதிரிதான் இருக்கிறது. அதை அப்புறம் பார்க்கலாம்.

1899-ல் சென்னை கிண்டியில் அம்மைப்பால் தயாரிப்பதற்காகவே ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. கொரோனா காலத்தில் தினமும் டி.வி.யில் பேர் அடிபட்டதே, அந்த கிங் இன்ஸ்டிடியூட்தான் அது. அப்படியும் நோய் சாகவில்லை. 1974-ல் மட்டும் இந்தியாவில் 1.88 லட்சம் பேருக்குப் பெரியம்மை வந்து, 31,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதில் பெரும்பகுதி வட மாநிலங்களில். சுகாதாரப் பணியாளர்கள் ஒவ்வொரு வீடாக, நோயாளியின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'இந்த மாதிரி யாருக்காவது இருக்கா?' என்று கேட்டுத் தேடினார்கள். நோயாளி கிடைத்ததும் அவரைச் சுற்றியுள்ள எல்லோருக்கும் ஊசி. ஒரே வருஷம்தான். 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் கண்டறியப்பட்டதுதான் இந்தியாவின் கடைசி நோயாளி. 1977-ல் சோமாலியாவில் உலகத்தின் கடைசி இயற்கைத் தொற்று. 1980 மே 8 அன்று பெரியம்மை ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடி உயிர்களைக் குடித்ததாக மதிப்பிடப்படும் நோய் அது.

இந்த முழுக் கதையும் உலக சுகாதார நிறுவனம் 1988-ல் வெளியிட்ட 'பெரியம்மையும் அதன் ஒழிப்பும்' என்ற ஆங்கில நூலில் இருக்கிறது. 1,400 பக்கத்துக்கு மேல். அந்த நிறுவனத்தின் இணைய நூலகத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், இந்தியா பற்றிய அத்தியாயமும் படங்களும் போதும். கோவிலும் இருக்கிறது, ஊசியும் இருக்கிறது, கிராமத்துத் திண்ணையும் இருக்கிறது.

மாரியம்மன் கோவில்களில் கூட்டம் குறைந்ததா? இல்லை. நோய் போனது, அம்மன் இருக்கிறாள். நம்பிக்கையும் அறிவியலும் ஒன்று ஜெயித்தால் மற்றது சாக வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

2017: வாட்ஸ்அப் தடுத்த ஊசி

பழைய கதைதானே என்று விட்டுவிட முடியாது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையிலான 1.76 கோடிப் பிள்ளைகளுக்குப் போட இலக்கு. நம்ம பக்கம் மணல்வாரி என்று சொல்வோமே, அதுதான் தட்டம்மை. கர்ப்பிணிக்கு ருபெல்லா வந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கும்.

முகாம் தொடங்கும் முன்பே ஃபார்வர்டுகள் தொடங்கிவிட்டன. 'ஆபத்தான மருந்து', 'நம்ம பிள்ளைகளை வைத்துச் சோதனை', 'மலடாக்கும் ஊசி' என்று ஆடியோ, வீடியோ. பெற்றோர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய் 'எங்க பிள்ளைக்கு வேண்டாம்' என்றார்கள். கடைசியில் முகாமின் கால அளவை அரசு நீட்டிக்க வேண்டியிருந்தது. படிப்பறிவிலும் சுகாதாரத்திலும் முன்னணி என்று சொல்லிக்கொள்ளும் மாநிலத்தில் இது நடந்தது. மாரியம்மன் பெயரைச் சொல்லி யாரும் தடுக்கவில்லை. போன்தான் தடுத்தது.

ஒரு அம்மா இன்று உண்மையைத் தேடினால் என்ன கிடைக்கும்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2000 முதல் 2023 வரை தட்டம்மைத் தடுப்பூசி உலகில் சுமார் 6 கோடி இறப்புகளைத் தடுத்திருக்கிறது. அதே நேரம் 2023-ல் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தட்டம்மையால் இறந்தார்கள், பெரும்பாலும் ஊசி போடாத அல்லது முழுமையாகப் போடாத சின்னப் பிள்ளைகள். தமிழில் இதை எளிமையாகச் சொல்லும் பக்கங்கள் அன்று கைக்கு எட்டவில்லை. பொய் மட்டும் சுத்தத் தமிழில், நல்ல குரலில் வந்தது.

இந்த ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும் ஒருமுறை, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொரு முறை. மணல்வாரி வந்துவிட்டால் வேப்பிலை வைப்பது உங்கள் விருப்பம், ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். வைட்டமின் ஏ மருந்து இரண்டு நாள் கொடுக்க வேண்டும். நிமோனியா வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

தேவாரத்தை இணையத்தில் ஏற்றிய வேதியியலாளர்

சாமி விஷயத்துக்கு வருவோம். நல்ல ஆன்மிக நூல்கள் தமிழில் இலவசமாகக் கிடைக்குமா? கொட்டிக் கிடக்கிறது. யூடியூபில் ஜோதிடர்களைத் தாண்டிப் போகத் தெரிந்தால் போதும்.

மதுரைத் திட்டம் என்ற தளம் 1998 பொங்கல் அன்று தொடங்கப்பட்டது. பெயரில்தான் மதுரை. தொடங்கியவர் சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்த கு. கல்யாணசுந்தரம். இவர் தமிழ்ப் பேராசிரியர் இல்லை, வேதியியல் விஞ்ஞானி. சூரிய ஒளியில் இருந்து மின்சாரம் எடுக்கும் புதுவகை மின்கலங்கள் பற்றி ஆய்வு செய்த குழுவில் இருந்தவர். பகலில் சோலார் செல், ராத்திரியில் தேவாரம். உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் ஆளுக்கு ஒரு நூலாகத் தட்டச்சு செய்து, இன்னொருவர் பிழை பார்த்து, சம்பளம் வாங்காமல் ஏற்றியவை அவை. திருக்குறள், திருவாசகம், நாலாயிர திவ்யப் பிரபந்தம் இருக்கும் அதே பட்டியலில் தமிழ் பைபிளும் இருக்கிறது, எட்டயபுரத்து உமறுப்புலவர் நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடிய சீறாப்புராணமும் இருக்கிறது. சங்கரன்கோவிலில் சிவனும் பெருமாளும் ஒரே உருவில், பாதி பாதியாக நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இப்படி ஒரே அலமாரியில் எல்லாம் இருப்பது அதிசயமாகத் தெரியாது.

2001-ல் தொடங்கப்பட்ட அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் இன்னொரு பெரிய களஞ்சியம். உரையோடு கூடிய இலக்கியங்கள், அகராதிகள், பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகள் எல்லாம் அங்கே. தேடும் வசதி மட்டும் கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும்.

மூன்றாவது, இலங்கைத் தமிழர்களின் நூலகம் நிறுவனம். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு சுமார் 97,000 நூல்கள் சாம்பலானதை மறக்காத ஒரு சமூகம், இனி யாராலும் எரிக்க முடியாத ஒரு நூலகத்தை 2005 முதல் இணையத்தில் கட்டி வருகிறது. பள்ளி மலர், கோவில் கும்பாபிஷேக மலர், பழைய பத்திரிகை எதையும் விடுவதில்லை.

அதில் தேட வேண்டிய ஒரு பெயர், சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்த டாக்டர். 1847-ல் மிஷனரியாக யாழ்ப்பாணம் வந்தவர், மானிப்பாயில் மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆங்கிலத்தில் படித்த மாணவர்கள் அரசாங்க வேலைக்குப் போய்விடுகிறார்கள், கிராமத்தில் தங்குவதில்லை என்பதைக் கவனித்தார். ஊரில் இருந்து ஊராருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் வேண்டும் என்றால் தமிழில் சொல்லிக் கொடுக்கணும் என்று முடிவெடுத்து, 1860-களில் பயிற்றுமொழியையே தமிழாக மாற்றினார். பாடநூல் கிடையாது. கலைச்சொல் கிடையாது. அவரும் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். உடற்கூறு பற்றிய அங்காதிபாதம் 1852-ல், அறுவை சிகிச்சை பற்றிய இரண வைத்தியம் 1867-ல் வந்தன. அவரிடம் பயின்று மருத்துவர் ஆனவர்கள் அறுபதுக்கும் மேல்.

இவர் மதப் பிரசாரத்துக்காக வந்தவர், அதை மறைத்ததும் இல்லை. 1884-ல் அமெரிக்காவில் இறந்தபோது கல்லறையில் தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்றுதான் பொறிக்கச் சொன்னார். ஆனால் 'தமிழில் மருத்துவம் படிக்க முடியுமா?' என்று நாம் இப்போதும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கும்போது, ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு ஒருவர் படிக்க வைத்தே காட்டிவிட்டார் என்பது கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது.

நம்பிக்கை தரும் ஃபார்வர்டு எல்லாம் நல்லதா?

இங்கேதான் உஷார். பயமுறுத்தும் பொய் மட்டும் இல்லை, பெருமைப்பட வைக்கும் பொய்யும் உண்டு. அதைப் பிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் அது பொய்யாக இருக்கக்கூடாது என்று நாமே ஆசைப்படுகிறோம்.

'திருநள்ளாறு கோவிலுக்கு மேலே வரும்போது சாட்டிலைட்டுகள் மூன்று நொடி நின்றுவிடுகின்றன, நாசாவே அசந்துபோனது' என்ற செய்தி வராத தமிழ்ப் போன் உண்டா? நாசா அப்படி எதுவும் சொன்னதில்லை. யோசித்தாலே தெரியும். தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோள் நொடிக்குச் சுமார் ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழுந்துவிடும்.

அடுத்தது சிதம்பரம். 'பூமியின் காந்த மையம் சிதம்பரம் நடராஜர் காலடியில் இருக்கிறது, அதனால்தான் சுவிட்சர்லாந்து ஆய்வுக்கூடத்தில் நடராஜர் சிலை' என்று வரும். இதில் பாதி உண்மை. ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வு மையத்தில் நடராஜர் சிலை இருப்பது நிஜம், இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்தது, 2004 ஜூன் 18-ல் திறக்கப்பட்டது. துகள்களின் ஓயாத ஆட்டத்துக்கும் ஆடல்வல்லானுக்கும் உள்ள ஒப்புமைக்காக வைத்தது. காந்த மையம் என்பது கட்டுக்கதை.

ஆனால் பூமிக்குக் காந்த நடுக்கோடு என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அங்கே காந்த ஊசி மேலேயும் சாயாது கீழேயும் சாயாது, தரைக்கு இணையாக நிற்கும். அந்தக் கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டித்தான் போகிறது. அதற்காகவே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்தில் இயங்குகிறது. ராயகிரியில் இருந்து பஸ் ஏறினால் சிதம்பரத்துக்குப் பாதி தூரம்கூட இல்லை. இதை ஏன் யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை என்பதுதான் எங்களுக்குப் புரியவில்லை.

இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவுதளம் திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பாவில் அமைந்ததற்கும் இதே காந்த நடுக்கோடுதான் காரணம். அங்கே இருந்தது ஒரு மீனவ கிராமம், நடுவில் மரிய மகதலேனாள் தேவாலயம். விக்ரம் சாராபாய் போய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவிடம் இடம் கேட்டார். ஆயர் சபையைக் கூட்டி மக்களிடமே கேட்டார். மக்கள் சம்மதித்தார்கள், வீடுகளையும் கோவிலையும் விட்டு நகர்ந்தார்கள். தேவாலயம் அலுவலகம் ஆனது, ஆயர் வீடு பணிமனை ஆனது. 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் பறந்தது. அந்த முதல் குழுவில் ராமேஸ்வரத்து அப்துல் கலாமும் இருந்தார். தேவாலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். 2023-ல் சந்திரயான்-3 கிளம்பும் முன் இஸ்ரோ விஞ்ஞானிகள் திருப்பதி போனதை வைத்து பெரிய சண்டை நடந்ததே, அப்போது இந்தக் கதையை யாராவது நினைவுபடுத்தியிருக்கலாம். நிலத்தைக் கொடுத்த மீனவக் குடும்பங்களின் பெயர்கள்தான் எங்கேயும் பெரிதாக எழுதப்படவில்லை.

பிள்ளைகளுக்கு?

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' தளத்தில் மின்சுற்று, ஒளி, விசை பற்றிய விளையாட்டு போன்ற சோதனைகள் தமிழிலும் உண்டு. அரவிந்த் குப்தாவின் தளத்தில் குப்பையில் இருந்து பொம்மை செய்யும் வீடியோக்கள், தமிழ்க் குரலோடும் கிடைக்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் 1987 முதல் வருகிறது. கிரகணத்தன்று சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று தெருவில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டுவது இந்த இயக்கத்துக்காரர்கள்தான்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் படத் தொகுப்பைக் காட்டுங்கள். 1904 முதல் நாள்தோறும் எடுத்த சூரியனின் படங்களை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் ஸ்கேன் செய்து பொதுவில் வைத்திருக்கிறது. பிள்ளையின் பிறந்தநாளோ, கொள்ளுத்தாத்தா பிறந்த நாளோ, அன்று சூரியனில் எத்தனை கரும்புள்ளி என்று எண்ணிப் பார்க்கலாம். மழை நாளாக இருந்தால் படம் இருக்காது.

டேட்டா தீர்ந்துவிடும் என்ற கவலையா? 'கிவிக்ஸ்' என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் வைஃபை கிடைக்கும் இடத்தில் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், மலையடிவாரத்தில் சிக்னல் போனாலும் படிக்கலாம்.

தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள், எல்லாம் நம்மைப் போன்ற ஆட்கள் எழுதியவை. தப்பும் இருக்கும், அதனால் கட்டுரையின் அடியில் சான்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ராயகிரிக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. ஊரின் கோவில் திருவிழா, கண்மாய், பள்ளிக்கூடம் எப்போது வந்தது என்பதெல்லாம் அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். பக்கத்தின் மேலே 'தொகு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி எழுதக் கணக்கு தொடங்க வேண்டும் என்றுகூட இல்லை.